சராசரிக்கு வயிறு வலிப்பதில்லை

2024 ஆகஸ்ட் 7. பாரீஸ் ஒலிம்பிக். காலையில் மல்யுத்த வீராங்கனை வினேஷ் போகத்தை எடை பார்த்தார்கள். 50 கிலோ பிரிவில் 100 கிராம் கூடுதல். இறுதிப் போட்டிவரை வந்தவர் வெறுங்கையோடு வெளியேற்றப்பட்டார். அன்றிரவு மீராபாய் சானு 49 கிலோ பிரிவில் பளு தூக்கினார். மொத்தம் 199 கிலோ. தாய்லாந்துப் பெண் 200 தூக்கி வெண்கலத்தைக் கொண்டுபோனார். மீராபாய்க்கு நாலாம் இடம்.

மேடையை விட்டு இறங்கிய மீராபாய், அது தனக்கு மாதவிடாயின் மூன்றாம் நாள் என்றார். உடம்பு கொஞ்சம் தளர்ந்திருந்தது என்றார். வினேஷின் மனு விளையாட்டு நடுவர் மன்றத்துக்குப் போனது. மாதவிடாய்க்கு முந்தைய நாட்களில் உடம்பில் நீர் கோத்துக்கொள்ளும் என்பதும் அந்த 100 கிராமுக்கு விளக்கமாக அங்கே வைக்கப்பட்டது. மனு தள்ளுபடியானது.

ஒரே நாள், இரண்டு பெண்கள், 140 கோடி நிபுணர்கள். 100 கிராமை எப்படிக் கரைத்திருக்கலாம் என்று டீக்கடை முதல் டிவி ஸ்டுடியோ வரை விவாதம் நடந்தது. இரவெல்லாம் வியர்க்கவிட்டார்கள், கடைசியில் தலைமுடியைக்கூட வெட்டினார்கள் என்ற விவரம் வரை அலசினார்கள். ஆனால் மீராபாய் சொன்ன அந்த ஒரு வாக்கியம் வந்ததும் பாதி நாடு “சாக்கு” என்றது. மீதி நாடு சேனலை மாற்றியது.

மாதவிடாய்தான் பதக்கத்தைப் பறித்தது என்று நான் வாதாட வரவில்லை. பறித்ததா இல்லையா என்று யாருக்கும் தெரியாது. தெரிந்துகொள்ள யாரும் மெனக்கெட்டதில்லை என்பதுதான் என் வழக்கு. 2014 முதல் 2020 வரை ஆறு விளையாட்டு அறிவியல் இதழ்களில் வெளியான 5,261 ஆய்வுகளை எடுத்து எண்ணிப் பார்த்தார்கள். ஆண்களை மட்டும் வைத்துச் செய்தவை 31 சதவீதம். பெண்களை மட்டும் வைத்துச் செய்தவை 6 சதவீதம். பெண்களை ஏன் சேர்ப்பதில்லை என்று கேட்டால் ஒரு காரணம் தயாராக இருக்கிறது: மாதச் சுழற்சி கணக்கைக் குழப்புகிறதாம். எதை ஆராய வேண்டுமோ அதையே காரணம் காட்டி ஆராயாமல் விட்டிருக்கிறார்கள். இந்தச் சாமர்த்தியத்துக்குத் தனியாக ஒரு டாக்டர் பட்டம் தரலாம்.

செய்த கொஞ்ச ஆய்வுகளும் ஒரு சேதி சொல்கின்றன. மாதவிடாய் நாட்களில் திறன் குறைவது, சராசரியாகப் பார்த்தால், மிகச் சொற்பம். கோச்சுகளுக்கு அது போதும். “பாத்தியா, ஒண்ணுமில்லைன்னு சயின்ஸே சொல்லுது. போய் ரெண்டு ரவுண்டு ஓடு.” சராசரிக்கு வயிறு வலிப்பதில்லை ஐயா. வலி வருவது ஒருத்திக்கு, ஒரு குறிப்பிட்ட நாளில், ஒரு குறிப்பிட்ட மேட்சுக்கு நடுவில். 2022 பிரெஞ்சு ஓபன் டென்னிஸில் ஸ்வியாடெக்கிடம் முதல் செட்டை வென்ற ஜெங் சின்வென்னுக்கு அப்படித்தான் வந்தது. அடுத்த இரண்டு செட்டில் அவர் எடுத்தது இரண்டே கேம். ஆடுகளத்தில் நான் ஆணாக இருந்திருக்கக் கூடாதா என்று அன்று அந்தப் பெண் புலம்பினார். பவுலா ராட்க்ளிஃப் 2002-ல் சிகாகோ மாரத்தானில் உலக சாதனை படைத்ததும் மாதவிடாய் வலியோடுதான். அதனால் “முடியாது” என்று எவரும் சொல்லவில்லை. முடிகிறது. என்ன விலை கொடுத்து முடிகிறது என்றுதான் எவரும் கேட்பதில்லை.

இந்த வலியில் மர்மம் ஒன்றும் கிடையாது. கருப்பையின் உட்சுவர் கழலும்போது புரோஸ்டாகிளாண்டின் என்றொரு பொருள் சுரக்கிறது. கருப்பைத் தசையை அது பிழிகிறது. ரத்தக்குழாய் நெரிபட்டு, பிராணவாயு கிடைக்காத தசை வலிக்கிறது. சுரப்பு அதிகமானால் குமட்டல், பேதி, தலைவலி, இடுப்பிலிருந்து தொடைவரை இறங்கும் குடைச்சல். அந்தச் சுரப்பைத் தடுக்கும் ஐபுப்ரோஃபென், மெஃபனாமிக் அமிலம் போன்ற மாத்திரைகள் தெருமுனை மெடிக்கலில் இருக்கின்றன. வலி உச்சிக்கு ஏறியபின் போடுவதைவிட ஆரம்பத்திலேயே போட்டால் நன்றாகக் கேட்கும். வெறும் வயிற்றில் ஆகாது. உடம்பில் நீர் வற்றி ஓடுகிறவள் கண்டபடி விழுங்கினால் சிறுநீரகத்துக்கு ஆபத்து. ஆகவே டாக்டர் சொன்ன அளவில், பயிற்சி நாளிலேயே போட்டுப் பார்த்திருக்க வேண்டும். பலருக்குச் சூட்டு ஒத்தடம் கேட்கும். மிதமான உடற்பயிற்சியே சிலருக்கு மருந்து. எதற்கும் அடங்காமல் மாதாமாதம் படுக்கையில் தள்ளும் வலி என்றால் எண்டோமெட்ரியோசிஸாக இருக்கலாம். பல்லைக் கடித்துப் பொறுத்துப் பயனில்லை, மகப்பேறு மருத்துவரைப் பார்த்தே ஆக வேண்டும்.

அவ்வளவுதான். அரைப் பக்கம். இந்த அரைப் பக்கத்தை அச்சடித்து விளையாட்டு விடுதியின் சுவரில் ஒட்ட எத்தனை ரூபாய் ஆகும்? சுவரில் இடமில்லை என்பார்கள். உண்மைதான். அமைச்சர், துணை அமைச்சர், சங்கத் தலைவர், தலைவரின் மகன் என்று சிரிக்கிறவர்களே சுவரை நிரப்பிவிடுகிறார்கள்.

மாத்திரை என்றதும் இன்னொரு கூத்து தொடங்கும். “எதையும் போட்டுடாதே, டோப்பிங்ல மாட்டிக்குவே.” ஐபுப்ரோஃபெனும் மெஃபனாமிக் அமிலமும் தடைப் பட்டியலில் இல்லை. அதைப் பட்டியலில் பார்த்துச் சொல்ல ஐந்து நிமிடம் ஆகும். அந்த ஐந்து நிமிடம் எவருக்கும் இல்லாததால் பெண் வலியோடு ஓடுகிறாள். அல்லது ஓர் அக்கா தன் பையிலிருந்து எடுத்துத் தருவதைப் போட்டுக்கொள்கிறாள். அதில் டிரமடால் இருந்தால் தொலைந்தாள், 2024 ஜனவரி 1 முதல் போட்டி நேரத்தில் அது தடை செய்யப்பட்ட மருந்து. குலதெய்வத்துக்குப் பொங்கல் வைக்கப் போகும்போது நம் வீடுகளில் ‘தள்ளிப்போட’ ஒரு மாத்திரை வாங்கித் தருவோமே, நார்எதிஸ்டரோன், அதற்குத் தடை இல்லை. ஆனால் நாண்ட்ரோலோன் என்ற ஸ்டீராய்டைக் காட்டிக்கொடுக்கும் அதே தடயத்தை அதுவும் சிறுநீரில் கொஞ்சம் விட்டுவைக்கும். ஆய்வகங்களுக்கு இது தெரியும், பிரித்துப் பார்க்க விதிமுறையும் எழுதி வைத்திருக்கிறார்கள். போட்டிருக்கிற பெண்ணுக்குத்தான் தெரியாது.

பெண் உடம்பு என்றாலே இவர்களுக்குக் கூச்சம், அதனால் பேசுவதில்லை என்று நினைத்துவிடாதீர்கள். கூச்சமெல்லாம் கிடையாது. ஊக்கமருந்து சோதனையில் சட்டையை நெஞ்சுவரை தூக்கி, கால்சட்டையை முழங்காலுக்கு இறக்கி, ஓர் அதிகாரி நேருக்கு நேர் பார்த்திருக்கத்தான் சிறுநீர் கொடுக்க வேண்டும். பார்க்கிறவரும் பெண் என்பது மட்டும்தான் ஆறுதல். மாதவிடாய் என்று சொல்லி அதிலிருந்து தப்ப முடியாது. புதுக்கோட்டை கத்தக்குறிச்சியிலிருந்து போன சாந்தி சௌந்தரராஜன் 2006 தோஹா ஆசியப் போட்டியில் 800 மீட்டரில் வெள்ளி வாங்கினார். ஆசியப் போட்டியில் பதக்கம் வாங்கிய முதல் தமிழ்ப் பெண் என்றார்கள். அவர் பெண்தானா என்று சோதிக்க மருத்துவர்கள் வந்தார்கள், பதக்கம் போனது, செய்தி உலகமெல்லாம் பரவியது. அப்போது யாரும் கூசவில்லை. 2025 செப்டம்பர் 1 முதல் உலகத் தடகளப் போட்டிகளில் பெண்கள் பிரிவில் ஓட வேண்டுமானால் எஸ்.ஆர்.ஒய் மரபணுச் சோதனை கட்டாயம். பெண்தானா என்று கண்டுபிடிக்க ஆய்வகம், கருவி, நிபுணர் குழு, பட்ஜெட் எல்லாம் உண்டு. பெண்தான் என்று சான்றிதழ் கொடுத்த மறுநிமிடம் அவள் அநாதை. அவளுக்கு வயிறு வலித்தால் அது அவள் சொந்த விவகாரம், கமிட்டியில் பேசக்கூடாத விவகாரம்.

உடுப்பு விஷயத்திலும் இதே அக்கறை பொங்கும். விம்பிள்டனில் பெண்கள் ஆடத் தொடங்கியது 1884-ல். வெள்ளை உடுப்புக்குள்ளே அடர் நிற உள் ஷார்ட்ஸ் போட்டுக்கொள்ள அனுமதி கிடைத்தது 2023-ல். இடைப்பட்ட 139 வருடமும் கனவான்கள் ஸ்ட்ராபெர்ரி சாப்பிட்டுக்கொண்டு யோசித்திருக்கிறார்கள். வெள்ளைக்காரனைப் பார்த்து நாம் சிரிக்க வேண்டாம். வாரத்தில் ஒருநாள் வெள்ளைச் சீருடை, வெள்ளை கேன்வாஸ் ஷூ என்ற வழக்கத்தை விடாத பள்ளிகள் இங்கே எத்தனை என்று உங்கள் தெருவிலேயே எண்ணிப் பாருங்கள். எட்டாம் வகுப்புக்கு வந்ததும் சிறுமிகள் கிரவுண்டை விட்டு மெல்ல ஒதுங்குவது ஏன் என்று கருத்தரங்கு வைக்கிறார்கள். கருத்தரங்குக்கு வந்தவர்களுக்கு முந்திரி பக்கோடா. வெள்ளைப் பாவாடையை நீலமாக்கும் யோசனை அடுத்த கருத்தரங்குக்கு ஒத்திவைக்கப்படும்.

கழிப்பறைக் கதைக்கு வருவோம். இதை நான் கற்பனையில் எழுதியிருந்தால் மிகை என்று ஆசிரியர் அடித்திருப்பார். 2022 செப்டம்பர், உத்தரப் பிரதேசம் சஹாரன்பூர், 17 வயதுக்குட்பட்ட பெண்களின் மாநில கபடிப் போட்டி. மைதானத்தில் கழிப்பறை இருந்தது. அதற்குள் சோறு இருந்தது. வீராங்கனைகளுக்கான சாதத்தைத் தட்டில் கொட்டிக் கழிப்பறைத் தரையில் வைத்திருந்தார்கள். வீடியோ பரவியது, அதிகாரி ஒருவரை சஸ்பெண்ட் செய்தார்கள், அத்தோடு தேசத்தின் மனசாட்சி தூங்கப் போய்விட்டது. சோற்றுக்கே அந்தக் கதி என்றால், பேடு மாற்ற இடம் தேடிய சிறுமி அன்று எங்கே போயிருப்பாள்? 2016 ரியோ மாரத்தானில் ஓடிய ஓ.பி.ஜெய்ஷா, வழியில் இந்தியாவுக்கென்று இருந்த மேசைகளில் தண்ணீர்கூட இல்லை என்றார். தடகளச் சம்மேளனம் மறுத்தது. தண்ணீர் வைத்தோமா இல்லையா என்பதே சர்ச்சையாகும் நாட்டில் ஒத்தடப் பையைப் பற்றிப் பேச எனக்கே கொஞ்சம் வெட்கமாகத்தான் இருக்கிறது.

பணம் இல்லையா? கேலோ இந்தியா விளையாட்டுத் திட்டத்துக்கு 2025-26 பட்ஜெட்டில் ஒதுக்கியது 1,000 கோடி ரூபாய். மக்கள் மருந்தகமான ஜன் ஔஷதியில் ஒரு பேடின் விலை 1 ரூபாய். கணக்கை நீங்களே போட்டுக்கொள்ளுங்கள். ஆயிரம் கோடி பேடு யாரும் கேட்கவில்லை. கிரவுண்டில் முதலுதவிப் பெட்டி என்று ஒன்று தொங்குமே, உள்ளே காலாவதியான டிங்சரும் சுருண்டுபோன பேண்டேஜும் இருக்குமே, அதில் நாலைந்து போட்டு வைத்தால் போதும். பாரீஸுக்கு 117 பேர் விளையாடப் போனார்கள், உதவிக்கும் மேற்பார்வைக்கும் 140 பேர் போனார்கள். அடுத்த ஒலிம்பிக்கிலும் இந்த விகிதம் தாராளமாக இருக்கட்டும். அந்தக் கூட்டத்தில் ஒருவர், ஒரே ஒருவர், பெண்களிடம் “உனக்கு இந்த மாதம் எப்போ?” என்று கேட்டுக் குறித்து வைக்கும் வேலைக்கு இருக்கட்டும். அமெரிக்கப் பெண்கள் கால்பந்து அணி 2019 உலகக் கோப்பைக்குப் போனபோது இதைத்தான் செய்தது. தேதி குறித்து, அதற்கேற்பத் தூக்கம், சாப்பாடு, பயிற்சி எல்லாம் மாற்றிக்கொண்டார்கள். கோப்பையையும் கொண்டுபோனார்கள். அவர்கள் ராக்கெட் விடவில்லை. காலண்டரில் பேனாவால் வட்டம் போட்டார்கள்.

நம்மூரில் வட்டம் போடுவதில்லை, வராவிட்டால்தான் கொண்டாடுகிறார்கள். கடும் பயிற்சி, அரைவயிற்றுச் சாப்பாடு, எடைக் கட்டுப்பாடு எல்லாம் சேர்ந்து சில பெண்களுக்கு மாதவிடாய் மாதக்கணக்கில் நின்றுவிடும். “நல்லதாப் போச்சு, தொல்லை விட்டது” என்பார்கள். செலவழிக்கிற அளவுக்கு உடம்புக்குச் சாப்பாடு சேரவில்லை என்பதற்கு அது சிவப்பு விளக்கு. எலும்பு தேயும், நுண்முறிவு வரும். சர்வதேச ஒலிம்பிக் கமிட்டி 2014-லேயே இதற்குப் பெயர் வைத்து எச்சரித்துவிட்டது. இங்கே 2019-21 தேசிய குடும்பநல ஆய்வின்படி 15 முதல் 49 வயதுவரையுள்ள பெண்களில் 57 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. நூறில் ஐம்பத்தேழு பேருக்கு ரத்தசோகை உள்ள அந்தக் கூட்டத்திலிருந்துதான் நம் ஓட்டக்காரிகளைப் பொறுக்குகிறோம். மாதாமாதம் ரத்தம் போகிறவளுக்கு இரும்புச்சத்து எவ்வளவு இருக்கிறது என்று பார்க்காமல், ஏன் கடைசி 200 மீட்டரில் மூச்சு வாங்குகிறாய் என்று திட்டுகிறோம்.

அரசின் பார்வையும் இப்படித்தான். 2017-ல் ஜி.எஸ்.டி. வந்தபோது பொட்டு, குங்குமம், கண்ணாடி வளையலுக்கு வரி இல்லை. சானிட்டரி நாப்கினுக்கு 12 சதவீதம். பெண் அழகாக இருப்பது அத்தியாவசியம், கறைபடாமல் இருப்பது ஆடம்பரம். ஒரு வருடம் பெண்கள் தொண்டை கிழியக் கத்திய பிறகு 2018 ஜூலையில் வரியை எடுத்தார்கள். எடுத்ததற்கும் பாராட்டு விழா. 2023 டிசம்பரில் மாநிலங்களவையில் அன்றைய மகளிர் நலத்துறை அமைச்சர் ஸ்மிருதி இரானி, மாதவிடாய் ஒரு குறைபாடு அல்ல, அதற்குச் சம்பளத்தோடு விடுப்பு தேவையில்லை என்றார். சரி, குறைபாடு இல்லைதான். கணுக்கால் சுளுக்கும் குறைபாடு இல்லை. அதற்கு மட்டும் ஐஸ் பையோடு நாலு பேர் ஓடிவருகிறீர்களே, எப்படி?

இதற்கெல்லாம் நடுவில் விளம்பரப் பெண் குதித்துக்கொண்டிருக்கிறாள். வெள்ளைக் கால்சட்டை, மலர்ந்த முகம், உயரம் தாண்டுதல், டென்னிஸ், மலையேற்றம். பேடில் ஊற்றுவது நீலத் தண்ணீர். அந்தப் பெண்ணுக்கு எந்த வலியும் இல்லை, ஏனென்றால் அவளுக்கு ரத்தமே இல்லை, மை மட்டும்தான். விளம்பரம் முடிந்து நீங்கள் கடைக்குப் போய் அதே பேடைக் கேட்டால் பழைய பேப்பரில் சுற்றி, கறுப்பு பாலித்தீன் கவரில் போட்டு, வெடிமருந்து கைமாறுவதுபோல் கண்ணைத் தாழ்த்தித் தருவார் கடைக்காரர். தமிழ்நாட்டில் பிளாஸ்டிக் பைக்கு 2019 ஜனவரி 1 முதல் தடை. கத்தரிக்காய் வாங்கப் பை கேட்டால் “கவர்மென்ட் ரூல்ஸ்” என்பார்கள். இந்தக் கறுப்புக் கவர் மட்டும் எங்கிருந்தோ வந்துவிடும். சூழலைவிட மானம் பெரிது.

2016 ரியோவில் சீன நீச்சல் வீராங்கனை ஃபூ யுவான்ஹுய், அணி நாலாவதாக வந்ததும் கேமரா முன்னாலேயே, நேற்றிரவு மாதவிடாய் வந்தது, களைப்பாக இருந்தது, ஆனால் அது சாக்கு ஆகாது, நான் நன்றாக நீந்தவில்லை என்றார். அந்த நாட்களில் தண்ணீரில் இறங்க முடியுமா என்று அவர் நாட்டில் பலர் வாய்பிளந்தார்கள். உலகமே அவரைத் துணிச்சல்காரி என்று புகழ்ந்தது. வயிறு வலித்தது என்று சொல்வதற்குத் துணிச்சல் வேண்டியிருக்கிறது. முதுகுப் பிடிப்பால் ஓய்வெடுக்கும் கிரிக்கெட் வீரரின் தசைநாரைப் பற்றி நாம் தினமும் அரைப்பக்கம் படிக்கிறோம். எந்தத் தசை, எத்தனை டிகிரி கிழிசல், எத்தனை வாரம் ஓய்வு, எல்லாம் மனப்பாடம். பாதி ஜனத்தொகைக்கு மாதாமாதம் வரும் வலிக்கு மட்டும் “உடல்நலக் குறைவு” என்று ஒரு வரி.

அடுத்த பெற்றோர்-ஆசிரியர் கூட்டம் வரும். மேடையில் கோப்பைகளை அடுக்கி, நம் பெண்கள் மண்டல அளவில் ஜெயித்ததைச் சொல்லிக் கைதட்டச் சொல்வார்கள். தட்டுங்கள். தட்டி முடித்ததும் எழுந்து நின்று கேளுங்கள். கிரவுண்டு பக்கம் பெண்களுக்குக் கழிப்பறை எங்கே? அதில் தண்ணீர் வருகிறதா? வலித்தால் போய்ச் சொல்ல ஒரு டீச்சர் இருக்கிறாரா, அவரிடம் மாத்திரையும் பேடும் இருக்கின்றனவா? “இதையெல்லாமா சபையில கேக்கிறது?” என்று கண்டிப்பாக ஒருவர் எழுந்திருப்பார். பெண்கள் கழிப்பறைச் சாவி அவரிடம்தான் இருக்கும். கேட்டு வாங்குங்கள்.